ஈரம் உண்டு, செடி இல்லை

தையற்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது தையல் மிஷின்தான். அன்று காலையில் ஒரு டஜன் பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைப்பதற்குள் இரண்டு ஊசி உடைந்தது. இத்தனைக்கும் காரணம் ஒரு நோட்டு. பச்சை அட்டை போட்டது, மூலையெல்லாம் மடங்கிப்போனது, எடைக்குப் போட்டால் ஒரு டீக்குக்கூடத் தேறாதது. கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியில், மகளுடைய பள்ளிக்கூடப் புத்தகங்களோடு அது இருந்திருக்க வேண்டும். திறந்தால் அழுகை வரும் என்று மூன்று வருஷமாக அவள் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. நேற்றுச் சாயங்காலம் திறந்தாள். எல்லாம் இருந்தது, நோட்டு மட்டும் இல்லை.

மகள் போனில் கேட்டிருந்தாள். இருபது நாளில் விமானம் ஏறுகிறாளாம். ஏதோ குளிர்நாட்டில் செடிகொடி ஆராய்ச்சி, நாலு வருஷ வேலை, நடுவில் லீவு கிடைப்பது கஷ்டமாம். அந்த நோட்டை மட்டும் பார்சலில் போட்டுவிடு என்றாள். வீட்டுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போயேன் என்று அம்மா கேட்டதற்கு, நேரமில்லை என்று பதில் வந்தது. நேரமாவது ஒன்றாவது! மூன்று வருஷமாக அவளுக்கு இந்த வாசற்படிதான் ஆகவில்லை. கட்டிக்கொடுக்காத பெண், இருபத்தைந்து வயசு, வீட்டில் இன்னும் பாப்பாதான். அந்தப் பாப்பா அப்பாவிடம் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

நோட்டு எங்கே என்று புருஷனைக் கேட்டதற்கு, "இருக்கும்" என்றார். அவ்வளவுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி மனிதர். கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார், மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல்.

அவருக்குத் தண்ணீர் ஆபீசில் வேலை. பூமிக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. ஊரில் அவருக்குப் பெயரே கசிவுக்காரர்தான். ஆளுயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். ஒழுகினால் உஸ்ஸென்று மெல்லிய சத்தம் ஏறி வருமாம். பூமி முணுமுணுப்பது கேட்கிறது, பெண்டாட்டி கத்துவது கேட்கவில்லை என்று தையற்காரம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். காதுக்கு அடுத்தபடி கண். கோடையில் ஊரே காய்ந்து கிடக்கும்போது ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றால், அதற்குக் கீழே குழாய் உடைந்திருக்கிறது. முப்பது வருஷமாக அவர் அப்படிச் சொல்லித் தோண்டிய இடத்தில் தண்ணீர் பீய்ச்சியடிக்காமல் இருந்ததில்லை. ஒரே ஒரு தடவை தவறியது. அந்தத் தவறில்தான் மகள் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சரிவில் நாலு வீடு, ஆபீஸ் கட்டிக்கொடுத்தது. வீடுகளுக்குப் பின்னால் பாறை. பாறை மேல் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு பள்ளம். பாறையின் வெடிப்பிலிருந்து நீர் கசிந்து கசிந்து அந்தப் பள்ளத்தில் பரவும். ஒரு சொம்பு மொள்ளக் காணாது, ஆனாலும் ஈரம் விடாது. அந்த ஈரத்தில் பாப்பா பதிமூன்று வயசில் ஒரு செடியைப் பார்த்தாள். விரல் உயரம்தான். தலைமுடி போல மெல்லிய பச்சைத் தண்டு, நுனியில் கடுகளவு பழுப்பு மணி. புல் மாதிரியே இருக்கும், புல் இல்லை. "கோரை ஜாதிப்பா. ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு உருட்டிப் பாருங்க, மூணு பட்டை தெரியும்" என்று அவள் காட்டினாள். அக்கம்பக்கத்தில் வேறு எங்கும் அது இல்லை. ஒவ்வொரு வருஷமும் மழை நின்ற மூன்றாம் வாரம் பாறையில் மண்டி போட்டு, எத்தனை குத்து என்று எண்ணிப் பச்சை நோட்டில் எழுதுவாள். நாற்பத்தொன்று, ஐம்பத்தாறு, முப்பத்தெட்டு. கூடினால் அன்றைக்கு வீட்டில் ஒரே பேச்சாக இருக்கும், குறைந்தால் சாப்பாடு இறங்காது. ஒன்பது வருஷம் எழுதினாள். மேல்படிப்புக்கும் அதையேதான் எடுத்தாள்.

அந்தக் கோடையில் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஏற்றின தண்ணீர் தொட்டியில் நிற்கவில்லை, மேலதிகாரி தினமும் வந்து சத்தம் போட்டார். கசிவுக்காரர் தெருத்தெருவாகக் கம்பி ஊன்றி, தூக்கம் கெட்டு, கடைசியில் ஒரு நாள் வீட்டுக்குப் பின்னால் ஏறிப் பார்த்தார். ஊரெல்லாம் வெடித்துக் கிடக்க, தொட்டிக்கு நேர் கீழே பள்ளத்தில் ஈரம், ஈரத்தில் கோரை. ஒன்பது வருஷமாக மகளோடு பார்த்த பள்ளம்தான். ஆனால் அன்றைக்கு அவர் அப்பாவாகப் பார்க்கவில்லை, கசிவுக்காரராகப் பார்த்தார். இரண்டு ஆட்களை வைத்துப் பள்ளத்தின் விளிம்பில் இடுப்பாழம் தோண்டினார். குழாயே அந்தப் பக்கம் வரவில்லை. பாறைக்குள்ளிருந்து வந்த ஊற்று அது. தொட்டியின் அஸ்திவாரத்துக்கு ஈரம் ஆகாது என்று அதிகாரி சொல்ல, கல்லடுக்கி வடிகால் போட்டு நீரைச் சரிவில் இறக்கிவிட்டார்கள். இரண்டே மாதத்தில் பள்ளம் வறண்டது.

பரீட்சை முடிந்து வந்த மகள் பாறையில் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். கத்தவில்லை. "வேற யாராவது செஞ்சிருந்தா பரவால்லப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் ஏற்கெனவே நொந்துபோயிருந்தார், அதிகாரியிடம் வேறு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "ஒரு புல்லுக்கா இந்தப் பேச்சு" என்று சொல்லிவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் போனாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே தையற்காரம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். மோட்டார் அறைக்காரர் வாசலில் உட்கார்ந்து பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கசிவுக்காரர் எங்கே என்றதற்கு மேலே பாறையைக் காட்டினார். "மாசத்துல மொத ஞாயித்துக்கிழமைதான் ஏறுவாரு. இன்னிக்கு என்னவோ நடு வாரத்துல போயிருக்காரு. ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு என்ன தெரியும் என்று வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டு அவள் ஏறினாள்.

தூறல் விட்டு வெயில் அடித்த நேரம். பாறை வழுக்கியது. பள்ளத்தில் மண்டி போட்டு, கம்பியைப் பாறை வெடிப்பில் ஊன்றிக் காது வைத்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வடிகால் வாய் களிமண் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. பள்ளத்தில் சலித்துப் போட்ட மாதிரி செம்மண், பளபளவென்று ஈரம். முட்டிக்குப் பக்கத்தில், மழைக்கோட்டின் மேல், பச்சை நோட்டு.

அவள் திட்டுவதற்காகத்தான் அதை எடுத்தாள். மகளின் எழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து வேறு எழுத்து. ஆபீசில் அவர் எழுதுகிற கசிவு அறிக்கையின் அதே வரிசை, அதே தடித்த பென்சில். தேதி. இடம்: பாறைப் பள்ளம். ஈரம்: இல்லை. செடி: இல்லை. அடுத்த மாதம், ஈரம்: இல்லை. செடி: இல்லை. பக்கம் பக்கமாக இல்லை, இல்லை என்றே போயிற்று. போன வருஷம் ஓரிடத்தில், 'வடிகால் அடைத்தேன். ஆபீசுக்குச் சொல்லவில்லை' என்று இருந்தது. அதிலிருந்து, ஈரம்: உண்டு. செடி: இல்லை. மூன்று வருஷத்தில் ஒரு மாதம் விட்டுப்போகவில்லை. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துக் கிடந்த மாதத்தில்கூட எழுத்து கோணலாக இருந்ததே தவிர, 'இல்லை' என்பது இருந்தது.

அவர் எழுந்து முட்டியைத் தட்டினார்.

"எடுத்துக்க. பார்சல் போட்டுடு. கடைசியா ஒரு தரம் பார்த்துட்டுக் குடுக்கலாம்னு வந்தேன்."

"இதை அவகிட்ட சொல்லக் கூடாதா? மூணு வருஷமா நான் நடுவுல கெடந்து சாகுறேனே."

"என்னன்னு சொல்றது?"

"இந்த மாதிரி மாசாமாசம் போய்ப் பார்க்கிறேன்னு."

"பார்த்து? வந்துடுச்சுன்னு சொல்றதுக்கு ஒரு நாள் வரும், அன்னிக்குப் பேசலாம்னு இருந்தேன். இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்குப் போன்?"

இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டியாகிவிட்டது, இன்றைக்குத்தான் ஆளைப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, நோட்டை அவரிடமே விட்டுவிட்டு இறங்கினாள்.

பார்சல் போடவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். யோசித்தாள் என்ன, சட்டைக்குக் கை வைக்கிற இடத்தில் காலரை வைத்துப் பிரித்தாள், அதுதான் யோசனை. இருபது நாளில் நாலு கழிந்துவிட்டது. விமானம் ஏறினால் நாலு வருஷம். நாலு வருஷம் கழித்து யார் இருப்பார்கள், யார் போவார்கள், யார் கண்டது? தொட்டி நிரம்பி வழிகிற இடத்தில் ஒரு கோரை நிற்பது அவளுக்குத் தெரியும். அதுவும் விரல் உயரம், நுனியில் பழுப்பு மணி. மூன்றாம் நாள் காலை, புருஷன் தெருவுக்குப் போனதும், கரண்டியை எடுத்துக்கொண்டு போய் மூன்று குத்தை மண்ணோடு பெயர்த்தாள். பாறை ஏறிப் பள்ளத்தின் நடுவில் ஊன்றினாள். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். காலங்காலமாக அங்கேயே நிற்கிற மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கைகழுவாமலே போனை எடுத்தாள்.

"பாப்பா, உன் செடி வந்திருக்குடி."

மகளின் குரல் வந்தது, பதிமூன்று வயசுக் குரல்.

"உருட்டிப் பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்."

"பட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எத்தனை குத்து?"

"மூணு."

"தொடாதே. யாரையும் மிதிக்க விடாதே. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

போனை வைத்ததும் ஒரு மணி நேரம் தையற்காரம்மா வீட்டுக்குள்ளேயே பறந்தாள். மெத்தையை வெயிலில் போட்டாள், ஜன்னல் துடைத்தாள். பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. வருகிறவள் யார்? செடியிலேயே பிறந்து செடியிலேயே வளர்ந்தவள். ஒரு விரல் வைத்தால் போதும், குட்டு உடைந்துவிடும். உடைந்தால் உடையட்டும், வந்து திட்டினாலும் வந்து நின்றுதானே திட்டுவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பாப்பா வருகிறாள் என்று சனிக்கிழமை சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சவரம் செய்துகொண்டார், துவைத்த காக்கிச் சட்டையை எடுத்து வைத்தார். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கம்பியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தடுப்பதற்குள் அவர் வாசல் தாண்டிவிட்டார்.

அரை மணியில் இறங்கி வந்தார். கையில் மூன்று குத்து, வேர் மண்ணோடு. தையல் மிஷினின் பலகையில், வெட்டி வைத்த வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது தொட்டி வழியிற இடத்துல நிக்கிறது. தண்டு உருண்டை."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேற எப்படி வருவா அவ? சொல்லுங்க. வேற எப்படி வருவா?"

"புல்லுன்னு ஒரு தரம் சொல்லிட்டேன். அதுக்கே மூணு வருஷம். இன்னிக்கு ஒரு புல்லைக் காட்டி இதான் உன் செடின்னு சொல்லச் சொல்றியா?"

"அவ வந்து பார்த்துட்டுப் போற வரைக்குமாவது விட்டிருக்கலாமே."

"எழுதிட்டேன்" என்றார். நோட்டைத் திறந்து காட்டினார். ஈரம்: உண்டு. செடி: இல்லை.

பத்து மணி பஸ்ஸில் மகள் வந்தாள். இளைத்திருந்தாள், கூந்தலைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், பையை வாசலிலேயே வைத்தாள், உள்ளே வராமல் பின்பக்கம் நடந்தாள். அவளுக்குப் பத்தடி பின்னால் அவர் போனார். தையற்காரம்மா கூடப்போகவில்லை. சோற்றை வடிக்கிறேன் என்று அடுப்படிக்குப் போய், பின்வாசல் வழியாக மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகள் பள்ளத்தில் குனிந்தாள். நிமிர்ந்தாள். ஏதோ கேட்டாள். அவர் அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி நேராக நின்று ஏதோ சொன்னார். பிறகு நோட்டை நீட்டினார். அவள் நின்றபடி புரட்டினாள், உட்கார்ந்து புரட்டினாள். தூறல் பிடித்தது. அவர் மழைக்கோட்டை இரண்டு கையாலும் அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார். அவள் நிமிரவே இல்லை. வெகு நேரம் அப்படியே இருந்தார்கள். கடைசியில் அவள் எழுந்து, அவருடைய கம்பியை வாங்கிப் பாறையில் ஊன்றினாள். அவர் காலால் அங்கே இல்லை, இங்கே என்று காட்டினார். அவள் நகர்த்தி ஊன்றி, கண்ணை மூடிக் காது வைத்தாள்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. தையற்காரம்மா மூன்று தட்டுகளையும் பாத்திரத்தையும் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு, வந்தது வரட்டும் என்று ஏறினாள். மகள் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"உருட்டிப் பார்த்தேன்னு சொன்னியேம்மா."

"எனக்கு உன்னைப் பார்க்கணும்னு இருந்துச்சுடி. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

மகள் அம்மாவின் கூடையிலிருந்து ஒரு தட்டை உருவினாள். சோற்றுக்கென்று நினைத்தால், பள்ளத்தில் மண்டி போட்டு அதால் மண்ணை வழிக்க ஆரம்பித்தாள்.

"இந்தச் செம்மண் யாருப்பா போட்டது?"

"நான்தான். நல்ல மண்ணு. சலிச்சுப் போட்டேன், நாலு கூடை."

"நல்ல மண்ணு இதுக்கு ஆகாதுப்பா. இது பட்டினிச் செடி. வெறும் பாறை, கொஞ்சம் மணல், மேல ஈரம், அவ்வளவுதான். விதை அடியிலதான் தூங்கிட்டிருக்கும். வெளிச்சம் பட்டாத்தான் முழிக்கும். நீங்க மேல போர்வை போட்டு வெச்சிருக்கீங்க."

அவர் இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தையற்காரம்மா மூன்றாவதை எடுத்தாள். மூன்று பேரும் சோற்றுத் தட்டால் மண்ணை வழித்து வழித்துச் சரிவில் கொட்டினார்கள். பழைய கருமணல் தெரிந்ததும் மகள் நிறுத்தச் சொன்னாள், அதற்குக் கீழே நகம்கூடப் படக்கூடாதாம். பேச்சென்று பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே கொஞ்சம், அங்கே போதும், முட்டியை எடுங்கப்பா என்கிற பேச்சுதான். மூன்று மணிக்கு அதே தட்டுகளைக் கழுவி ஆறின சோற்றைச் சாப்பிட்டார்கள்.

நாலரை பஸ்ஸுக்கு அவள் கிளம்ப வேண்டும். வாசலில் அவர் நோட்டைத் துணிப்பையில் சுற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களே வெச்சுக்கங்கப்பா. மாசம் மொத ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். எழுதினதை அப்படியே படிங்க."

"இல்லைன்னு இருந்தா?"

"இல்லைன்னே படிங்க."

அவர் தலையாட்டினார். பஸ் வந்து திரும்புகிறவரை மூவரும் நிறுத்தத்தில் நின்றார்கள். மகள் ஏறும்போது அவர் அவள் தோளைத் தொட்டார், அல்லது பையைச் சரி செய்தார். எது என்று தையற்காரம்மாவுக்குத் தெரியவில்லை.

பிறகு அவள் பறந்துவிட்டாள். மாதத்தின் முதல் ஞாயிறு பதினோரு மணிக்குப் போன் அடிக்கும். அவர் எழுந்து நின்றுதான் பேசுவார். தேதியைப் படிப்பார். ஈரம் உண்டு, செடி இல்லை என்பார். அதற்கப்புறமும் போனை வைக்கமாட்டார்கள். ஊற்றுச் சத்தம் எப்படி என்று அவள் கேட்பாள். அங்கே குளிர் எப்படி, சாப்பாடு என்ன என்று அவர் கேட்பார். இந்த மனிதரா என்று தையற்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். செடி வந்துவிட்டால் அப்புறம் இந்தப் போன் எதற்கு என்று ஒரு கெட்ட நினைப்பு சில சமயம் வரும். சே என்று தலையில் அடித்துக்கொண்டு துணியை இழுத்துவைத்துத் தைப்பாள். ஆனாலும் மகளில்லாத அந்த வீட்டில் நாலு வாரமும் அவள் தேதிதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் மாதம் மழை கனமாகப் பெய்து ஓய்ந்திருந்தது. அந்த ஞாயிறு அவர் பாறையிலிருந்து இறங்கி வர வெகு நேரம் ஆயிற்று. வந்தவர் கம்பியைச் சாத்திவிட்டு, கைகழுவாமல், போனுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார். போன் அடித்தது. அவர் எழுந்து நின்றார்.

"தேதி அஞ்சு. ஈரம் உண்டு. செடி..." என்று நிறுத்தினார். தையற்காரம்மா மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். "செடி ஒண்ணு."

அந்தப் பக்கம் மகள் போட்ட சத்தம் தையற்காரம்மாவுக்கே கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு அவள் கேட்ட கேள்வியும் காதில் விழுந்தது.

"உருட்டிப் பார்த்தீங்களாப்பா? பட்டை இருக்கா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உருட்டலைம்மா. ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது, முடி மாதிரி. என் விரல் தடிமன், பட்டாப் போயிடும். அது இருக்கட்டும். எத்தனை நாளானாலும் நான் காவல் இருக்கேன். நீ வந்து உருட்டிப் பாரு."

போனை வைத்தபிறகு அவர் மிஷின் பலகையில் நோட்டை விரித்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். செடி: ஒன்று. எது என்று பாப்பா வந்து சொல்ல வேண்டும். எழுதியது சரியா என்று தையற்காரம்மாவிடம் காட்டினார். அவள் படித்துவிட்டு, சரி என்றாள்.